ரஹீம் சார்

ராயப்பேட்டை ஒய்.எம்.சி.ஏ. மைதானமோ நம்ம காலேஜ் கிரவுண்டோ, பந்து கிடைத்தால் பசங்க யாருக்கும் பாஸ் கொடுப்பதில்லை. நாலு பேரை வெட்டி ஓடினால்தான் ஹீரோ! இந்த டிரிப்ளிங்கையே தடை செய்து போட்டி நடத்தியவர் ஐதராபாத் சையது அப்துல் ரஹீம்.

1909ல் பிறந்தார். தானும் ஆடியவர், தொழில் பள்ளி ஆசிரியர். வராத காலால் மட்டுமே உதைக்கணும் என்றும் ஒரு போட்டி வைத்தார். சிரிக்காதீர்கள் நண்பர்களே, அவருடைய ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது.

இந்திய அணிக்கும் அவர்தான் கோச். 1951 டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று செம அடி. நம்மாட்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நாலாம் இடம்.

1962, ஜகார்த்தா ஆசியப் போட்டி. ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். அப்படியும் அணியோடு போனார். முதல் மேட்சிலேயே தென்கொரியாவிடம் தோல்வி. பிறகு டிஃபென்ஸின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல். வேறு கோச்சாக இருந்தால் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். ரஹீமோ அவரை சென்டர் ஃபார்வர்டாக முன்னே அனுப்பினார்!

செப்டம்பர் 4, ஃபைனல். மறுபடி அதே தென்கொரியா. ஸ்டேடியமே நமக்கு எதிராகக் கத்துகிறது. கோல்கீப்பர் நம்ம பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடியவர். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் போட்ட ஜர்னைல் ஒரு கோல். 2-1, தங்கம்.

1963 ஜூன் 11ல் ரஹீம் காலமானார், வயது 53. ஆசியப் போட்டிக் கால்பந்தில் அதற்கப்புறம் நமக்குக் கிடைத்தது 1970ல் ஒரு வெண்கலம்தான்.