ஓனர் மாறினால் கோச் என்ன ஆவார்? ஹெர்பர்ட் சாப்மன் கதை

ஹாஸ்டலில் ஃப்ளோருக்கு நாலு பேராவது ஆர்சனல் ஜெர்சி போட்டிருப்பாங்க. அதுல இருக்கும் பீரங்கி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா பல பேர் முழிப்பாங்க. அது ஒரு ஃபாக்டரி டீம். லண்டன் பக்கம் வூல்விச்சில் இருந்த ராயல் ஆர்சனல் என்ற அரசு ஆயுதத் தொழிற்சாலையில், ஒரு பட்டறைத் தொழிலாளர்கள் 1886-ல் ஆரம்பிச்சது. ஒரகடத்துல ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிறவங்க சேர்ந்து ஒரு டீம் போட்ட மாதிரி. அந்த டீமை உலகத்துக்கே தெரிய வச்சவர் ஒரு என்ஜினியர்.

ஓனர் மாறினா என்ன ஆகும்னு நம்ம ஸ்ரீபெரும்புதூர் ரூட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நோக்கியாவின் மொபைல் பிசினஸை 2014-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ, வரி வழக்கில் சிக்கியிருந்த இங்குள்ள ஃபாக்டரி அந்த டீலுக்குள் வரல. அதே வருஷம் நவம்பரில் மூடியாச்சு. ஃபுட்பாலிலும் இதைப் பார்த்துட்டோம். சென்னை சிட்டி எஃப்சி 2018-19 ஐ-லீக்கை ஜெயிச்சது. அதே 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அதில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. இன்னைக்கு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. ஹெர்பர்ட் சாப்மன் வாழ்க்கையைப் படிச்சா, இந்த மாதிரி டீல்களுக்கு நடுவுலதான் அவர் முழு கரியரும் ஓடியிருக்கு.

1878-ல் ஷெஃபீல்ட் பக்கத்தில் கிவ்டன் பார்க் என்ற சுரங்க கிராமத்தில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மகன் ஷெஃபீல்டில் மைனிங் என்ஜினியரிங் படிச்சார். வேலை ஒரு பக்கம், ஃபுட்பால் ஒரு பக்கம்னு பல கிளப்புகளில் ஆடினார். பெரிய ஆட்டக்காரர் எல்லாம் இல்லை. மஞ்சள் நிற பூட்ஸ் போட்டு ஆடினதுதான் அவரைப் பத்தி அப்போ பேசப்பட்ட விஷயம். 1907-ல் நார்தாம்ப்டன் டவுனுக்கு மேனேஜர் ஆனார். இரண்டே வருஷத்தில் சதர்ன் லீக் கோப்பை வந்தது.

1912-ல் லீட்ஸ் சிட்டிக்குப் போனார். முந்தைய சீசனில் இரண்டாம் டிவிஷனிலேயே கடைசிக்கு முந்தின இடம் பிடிச்சு, லீக்கில் வச்சுக்கோங்கன்னு ஓட்டு கேட்டு நின்ற டீம் அது. சாப்மன் அதை மேலே கொண்டு வந்தார். அப்புறம் முதல் உலகப் போர். அவர் பார்ன்போவில் குண்டு தயாரிக்கும் ஃபாக்டரியை நிர்வகிக்கப் போனார். அந்தக் காலத்தில் கிளப் வீரர்களுக்கு விதிக்கு மாறா பணம் கொடுத்ததுன்னு 1919-ல் புகார் வந்தது. கணக்குப் புத்தகங்களைக் காட்டச் சொன்னாங்க, கிளப் காட்டல. அக்டோபரில், எட்டு மேட்ச் ஆடி முடிச்ச நிலையில், லீக் அந்த கிளப்பையே வெளியே தள்ளியது. வீரர்களை ஒரு ஹோட்டலில் வச்சு ஏலம் போட்டாங்க. சாப்மனுக்கு வாழ்நாள் தடை. செல்பி என்ற ஊரில் எண்ணெய், கோக் ஆலையில் சூப்பரின்டென்டென்ட் வேலை பார்த்தார். 1920 கடைசியில் அதுவும் போச்சு. வயசு 42.

இந்த இடத்துலதான் பக்கத்து ஊர் கதை உள்ளே வருது. ஹடர்ஸ்ஃபீல்ட் ரக்பி ஊர். அங்கே ஃபுட்பாலுக்குக் கூட்டமே வராது. கிளப்பின் சேர்மன் ஹில்டன் க்ரௌதர், கம்பளி ஆலை வச்சிருந்த குடும்பம். போட்ட பணம் திரும்ப வராதுன்னு முடிவு பண்ணி, 1919 நவம்பரில் டீமையே லீட்ஸுக்குத் தூக்கிட்டுப் போகத் திட்டம் போட்டார். அங்கே மைதானம் காலியா இருந்துச்சு இல்லையா, லீட்ஸ் சிட்டி செத்துப்போன மைதானம். ஆனா அதுவரை மேட்ச் பார்க்கவே வராத ஊர், டீம் போகப் போகுதுன்னதும் தெருவுக்கு வந்துடுச்சு. க்ரௌதருக்குச் சேர வேண்டிய 25,000 பவுண்டைக் கட்டினால் டீம் உங்களுக்குன்னு லீக் கெடு வச்சது. மக்கள் ஒரு பவுண்ட் ஷேர் வாங்கி வாங்கிப் பணம் சேர்த்தாங்க. கடைசியில் சமரசம் ஆச்சு, டீம் ஊரிலேயே தங்குச்சு. க்ரௌதர் மட்டும் புதுசா ஆரம்பிச்ச லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார்.

அந்தப் புது நிர்வாகம்தான் வேலையில்லாத சாப்மனைக் கூப்பிட்டது. அந்தச் சமயத்தில் அவர் குண்டு ஃபாக்டரியில்தானே இருந்தார்னு அவருக்காக வாதாடி, தடையை நீக்க வச்சது. 1921-ல் உதவியாளரா சேர்ந்தவர் ஒரு மாசத்தில் மேனேஜர். முதல் டீம், ரிசர்வ், மூணாவது டீம் எல்லாம் ஒரே ஸ்டைலில் ஆடணும்னு வச்சார். ஒருத்தர் அடிபட்டா கீழிருந்து வர்றவர் அப்படியே ஃபிட் ஆகணும். நம்ம பாஷையில் இன்டர்சேஞ்சபிள் பார்ட்ஸ். 1922-ல் எஃப்ஏ கப், 1924, 1925-ல் லீக் சாம்பியன். அஞ்சு வருஷம் முன்னாடி ஊரை விட்டே போக இருந்த டீம்!

1925-ல் ஆர்சனல். அதுவும் ஓனர் மாறின டீம்தான். 1910-ல் திவாலாகி நின்னப்போ ஹென்றி நோரிஸ் என்ற ரியல் எஸ்டேட் ஆள் வாங்கினார். ஃபுல்ஹாம் கிளப்பும் அவர்கிட்டதான் இருந்தது. இரண்டையும் ஒண்ணாக்கப் பார்த்தார், லீக் விடல. 1913-ல் வூல்விச்சில் இருந்து நகரத்தின் மறுபக்கம் ஹைபரிக்கு டீமை மாத்தினார். ஹடர்ஸ்ஃபீல்ட் ஊர்க்காரங்க தடுத்ததை வூல்விச் தொழிலாளர்களால் தடுக்க முடியல. அந்தப் பட்டறை ஆளுங்களை நினைச்சாதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. ஜெர்சியில் அவங்க பீரங்கி மட்டும் மிஞ்சிடுச்சு.

நோரிஸ் கஞ்சன். வீரர்களை வாங்கப் பெரிய தொகை எதிர்பார்க்கிறவங்க அப்ளை பண்ண வேண்டாம்னு விளம்பரத்துலயே சொன்னவர். சாப்மன் வந்ததும் சண்டர்லேண்டின் சார்லி பக்கனை வாங்கினப்போ பேரம் இப்படி முடிஞ்சது: 2,000 பவுண்ட் இப்போ, அப்புறம் அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் 100. அந்த வருஷம்தான் ஆஃப்சைட் விதி மாறியது. நியூகாசிலிடம் 7-0 தோத்த பிறகு, பக்கன் சொன்னபடி சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து ஆட ஆரம்பிச்சாங்க. அதிலிருந்துதான் WM ஃபார்மேஷன் வளர்ந்தது. முந்தைய சீசனில் 20-வது இடத்தில் இருந்த ஆர்சனல் இரண்டாவது வந்தது. முதல் இடம் ஹடர்ஸ்ஃபீல்ட், தொடர்ந்து மூணாவது முறை.

1927-ல் கிளப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததுக்காக நோரிஸுக்குத் தடை விழுந்தது. என்னைக் கேட்டா சாப்மனுக்கு அடிச்ச பெரிய அதிர்ஷ்டம் அதுதான். அடுத்து வந்த சேர்மன் சாமுவேல் ஹில்-வுட் அவரை அவர் வேலையைப் பார்க்க விட்டார். 1928-ல் டேவிட் ஜாக்குக்கு 10,890 பவுண்ட் கொடுக்க முடிந்தது. அப்பவும் கோப்பை உடனே வரல. சேர்ந்து அஞ்சு வருஷம் கழிச்சு, 1930-ல்தான் முதல் எஃப்ஏ கப். ஃபைனலில் எதிரணி ஹடர்ஸ்ஃபீல்ட்! அவரை மதிக்கும் விதமா இரண்டு டீமும் ஒண்ணா மைதானத்துக்குள்ள வந்தாங்க. ஐஎஸ்எல்லில் இன்னைக்கு எந்த கோச்சுக்குக் கோப்பை இல்லாமல் அஞ்சு வருஷம் கிடைக்கும், சொல்லுங்க.

1931, 1933-ல் லீக். ஸ்டேடியத்தில் 45 நிமிஷக் கடிகாரம் வச்சார், அசோசியேஷன் மாத்தச் சொன்னது. ஃப்ளட்லைட் கேட்டார், அனுமதி கிடைக்கல. 1932-ல் பக்கத்து ரயில் ஸ்டேஷன் பேரை ஆர்சனல்னு மாத்த வச்சார். அது இன்னும் அப்படியே இருக்கு.

1934 புத்தாண்டு வாரம், ஜலதோஷத்தோடு மூணாவது டீம் ஆடுறதைப் பார்க்கப் போனார். அது நிமோனியா ஆச்சு. ஜனவரி 6-ம் தேதி இறந்தார், 55 வயசு. அந்த சீசன் முடிஞ்சப்போ லீக் டேபிளில் முதல் இடம் ஆர்சனல். மூணு பாயிண்ட் பின்னாடி, இரண்டாவது இடத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட்.