உடைஞ்சதை எல்லாம் அலமாரியில் வைத்தவர்

பைக் ட்யூன் பண்ண லட்சக்கணக்குல காசு வேணும்னு நினைக்கிறீங்களா? அப்போ பர்ட் மன்றோவைத் தெரிஞ்சுக்கோங்க.

1899-ல் நியூசிலாந்தில் பிறந்தவர். 1920-ல் 600 சிசி இந்தியன் ஸ்கவுட் பைக் ஒன்றை வாங்கினார். அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 89 கி.மீ. இன்னைக்கு உங்க காலேஜ் பார்க்கிங்ல நிக்கிற 125 சிசி வண்டியே அதை முந்திடும்!

மன்றோ அதை விடவே இல்லை. பகலில் மோட்டார்சைக்கிள் விற்பனை, ராத்திரி ஷெட்டில் வேலை. பழைய டின்களை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் அச்சாணியை இழைத்து கனெக்டிங் ராட் செய்தார். உடைஞ்ச பாகங்களைத் தூக்கிப் போடாமல் அலமாரியில் அடுக்கினார்.

இன்ஜின் மட்டும் போதாது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றுத் தடையை வெல்ல எட்டு மடங்கு பவர் வேணும். அதனால் வண்டிக்கு மீன் மாதிரி வழுவழுப்பான கூடு ஒன்றையும் கட்டினார்.

1967-ல், இதய நோயோடு, 68 வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளிக்குப் போனார். அதே பைக், இப்போ சுமார் 950 சிசி. 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 295 கி.மீ. தொட்டு உலக சாதனை!

1978-ல் மறைந்தார். அடுத்த முறை உங்க புராஜெக்ட்ல ஏதாவது உடைஞ்சா, குப்பையில் போடாதீங்க. ஏன் உடைஞ்சதுன்னு முதல்ல பாருங்க.