ஒளியை வாங்கும் துப்பாக்கி: குன்பெய் யொகோய் என்ற மனிதர்

1996ஆம் ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள் இரவு, கொழும்பு புறக்கோட்டையில் கடையொன்றில் வேலை செய்த என் அண்ணன் ஹட்டன் பஸ்ஸில் வந்திறங்கினார். டிக்கோயா பக்கமிருந்த எங்கள் தோட்டத்து லயத்துக்கு அவர் நடந்து வந்து சேரும்போது பத்து மணி கடந்திருந்தது. பையில் எல்லோருக்கும் உடுப்பு இருந்தது. அடியில் எனக்கென்று ஒரு டிவி கேம். பெட்டியின் மேல் கறுப்புத் துப்பாக்கியொன்றின் படம் போட்டிருந்தது. பெட்டியைத் திறந்தபோது கொன்ட்ரோலர் இரண்டு இருந்தன, கெசட் இருந்தது, துப்பாக்கி மட்டும் இல்லை.

அண்ணன் அதைக் கடையிலேயே எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தார். அந்த வருடம் ஜனவரியில்தான் கொழும்பில் மத்திய வங்கிக் கட்டடம் தாக்கப்பட்டிருந்தது. வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். தமிழ்ப் பெயரும் தோட்டத்து முகவரியும் உள்ள அடையாள அட்டையோடு பயணம் செய்யும் ஓர் இளைஞனின் பையில் துப்பாக்கி வடிவத்தில் ஏதாவது இருந்தால், அது பிளாஸ்டிக்கா இல்லையா என்று விளக்குவதற்குள் என்னவும் நடக்கலாம். சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் திரும்பாதவர்கள் மலையகத்தின் பல தோட்டங்களிலும் இருந்தார்கள். அப்பா, அண்ணன் செய்ததுதான் சரி என்றார். பத்து வயதுப் பையனான நான் மட்டும் அழுதேன்.

கெசட்டில் வாத்து சுடும் விளையாட்டு இருந்தது. டக் ஹண்ட். புல்லுக்குள்ளிருந்து வாத்து எழும்பிப் பறக்கும். நேரம் முடிந்ததும் தப்பிப் போகும். பிறகு நாய் ஒன்று எழுந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கும். துப்பாக்கி இல்லாத வீட்டில் அந்த நாய் ஒவ்வொரு தடவையும் சிரித்தது. சில நாட்களுக்குப் பிறகு ஒரு விடயத்தைக் கண்டுபிடித்தோம். கொன்ட்ரோலரின் சிலுவை வடிவப் பொத்தானை அழுத்தினால் வாத்து நாங்கள் சொன்ன பக்கம் பறந்தது. அதன் பிறகு லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வாத்துகளானோம். சுடுவதற்கு யாரும் இருக்கவில்லை.

கடந்த பாடசாலை விடுமுறையில் என் மகளுக்கு அந்த விளையாட்டைக் காட்ட விரும்பி, பழைய வகை டிவி கேம் ஒன்றைத் துப்பாக்கியோடு வாங்கினேன். வீட்டுத் தட்டைத் திரை டிவியில் பொருத்தி நூறு தடவை சுட்டும் ஒரு வாத்துகூட விழவில்லை. துப்பாக்கி பழுதென்றுதான் முதலில் நினைத்தேன். காரணத்தைத் தேடிப் போன இடத்தில்தான் குன்பெய் யொகோய் என்ற ஜப்பானியரைப் பற்றி அறிந்துகொண்டேன். அந்தத் துப்பாக்கியும், எங்களை வாத்தாக்கிய அந்தச் சிலுவைப் பொத்தானும் ஒரே மனிதரின் வேலைகள்.

இயந்திரம் பார்க்க வந்தவர்

யொகோய் 1941ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி கியோட்டோவில் பிறந்தார். அங்குள்ள தொஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தார். 1965இல் அதே நகரத்தில் இருந்த நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார். இன்று உலகம் அறிந்த அந்த நிறுவனம் அப்போது விளையாட்டுச் சீட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை. 1889இல் ஹனஃபுடா என்ற பூப்போட்ட சீட்டுகளைச் செய்யத் தொடங்கியது. சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வதுதான் யொகோயின் வேலை. எங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரம் பார்ப்பவரைப் போல ஒரு பதவி.

இயந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை இல்லை. பொழுதுபோக்குக்காக, குறுக்குக் கம்புகளை இணைத்து, கைப்பிடியை அழுத்தினால் நீண்டு போய்ப் பொருளைப் பிடிக்கும் ஒரு கையைச் செய்து வைத்திருந்தார். அது நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் பட்டது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் தண்டனை கிடைக்கும் என்று யொகோய் எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்தது, அதை விற்பனைப் பொருளாக்கும்படியான உத்தரவு. 1966இல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் வெளிவந்த அந்தக் கை பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. இயந்திரம் பார்க்க வந்தவர் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பவர் ஆனார்.

வெளிச்சத்தால் சுடுவது

அடுத்து வந்ததுதான் ஒளித் துப்பாக்கி. ஷார்ப் நிறுவனத்தில் சூரிய ஒளிக்கலம் விற்கும் வேலையில் இருந்த மசயுகி உஎமுரா நின்டெண்டோவுக்கு வந்து போனார். வெளிச்சம் பட்டால் சிறிதளவு மின்சாரம் தரும் பொருள் அது. மற்றவர்கள் அதில் மின்சாரத்தைப் பார்த்தார்கள். யொகோய் அதில் ஓர் இலக்கைப் பார்த்தார். துப்பாக்கிக்குள் சிறு விளக்கு, இலக்கில் ஒளிக்கலம். விசையை இழுத்தால் விளக்கு ஒரு கணம் மின்னும். வெளிச்சம் கலத்தில் பட்டால் போத்தல் சிதறும், பொம்மை திரும்பும். 1970இல் வந்த இந்தப் பொம்மை ஜப்பானில் நன்றாக விற்றது. உஎமுரா பின்னர் நின்டெண்டோவிலேயே சேர்ந்து, 1983இல் ஃபெமிகொம் இயந்திரத்தை வடிவமைத்தார். எங்கள் லயத்துக்கு வந்த டிவி கேம் அதன் போலிப் பிரதிகளில் ஒன்று.

யொகோயின் பாதை நேராகப் போகவில்லை. ஜப்பானில் பௌலிங் மோகம் அடங்கி, பௌலிங் மண்டபங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றை ஒளித் துப்பாக்கி சுடும் களங்களாக மாற்றும் திட்டத்தை 1973இல் நின்டெண்டோ தொடங்கியது. அந்த வருடம் ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. கேட்டிருந்தவர்கள் ஓடர்களை ரத்துச் செய்தார்கள். நிறுவனம் பெருங்கடனில் விழுந்தது. யொகோய் துப்பாக்கியைக் கைவிடவில்லை, அளவைக் குறைத்தார். 1976இல் சுவரில் வாத்தின் உருவத்தைப் பாய்ச்சி, அதைச் சுடும் வீட்டுப் பொம்மை வந்தது. டக் ஹண்ட் என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது.

1984இல் அதே பெயரில் ஃபெமிகொம் விளையாட்டு வந்தபோது யொகோயின் குழு வேலையைத் தலைகீழாக்கியது. இப்போது துப்பாக்கி வெளிச்சத்தை அனுப்புவதில்லை, வாங்குகிறது. அதன் வாயில் இருப்பது ஒரு வில்லையும் ஓர் ஒளி உணரியும் மட்டுமே. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுதாகக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். கறுப்புக்குப் பின் வெள்ளையைத் துப்பாக்கி கண்டால் வாத்து விழும். ஒவ்வொரு படமும் ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்கு நேரமே நிற்பதால் நம் கண்ணுக்கு அது வெறும் மினுக்கம். முதலில் வரும் கறுப்பு, மின்குமிழைக் குறிபார்த்து ஏமாற்றுபவர்களைப் பிடிப்பதற்கு. அதோடு, பழைய குழாய் டிவியில் கோடு கோடாக வரையப்படும் வெளிச்சத்தின் துடிப்புக்கு, ஏறத்தாழ விநாடிக்கு 15,000 தடவை, உணரியின் சுற்று இசைவாக்கப்பட்டிருந்தது.

என் வீட்டு வாத்துகள் விழாததற்குக் காரணம் இதுதான். தட்டைத் திரை அப்படிக் கோடு கோடாகத் துடிப்பதில்லை. படத்தையும் சிறிது தாமதித்தே காட்டுகிறது. துப்பாக்கி பார்க்கும் கணத்தில் வெள்ளைச் சதுரம் இன்னும் வந்திருக்காது. துப்பாக்கி பழுதில்லை, அது தேடும் வெளிச்சம்தான் இப்போது இல்லை.

பழையதைக் குறுக்காகப் பார்த்தல்

யொகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. புதிதாக வந்த, விலை உயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடக் கூடாது. எல்லோருக்கும் பழகிப்போன, விலை விழுந்த ஒன்றை எடுத்து, அதை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று குறுக்காக யோசிக்க வேண்டும். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டபோது, அந்த மலிவான திரையையே கையடக்க விளையாட்டாக்கினார். 1980இல் கேம் அண்ட் வொட்ச் பிறந்தது. அதில் டொங்கி கொங் விளையாட்டைச் சேர்க்கும்போது, சின்னக் கருவியில் நெம்புகோலுக்கு இடமில்லாததால் 1982இல் சிலுவைப் பொத்தானைக் கொண்டுவந்தார். இன்றுவரை விளையாட்டுக் கருவிகளில் அது இருக்கிறது.

1989இல் அவரது குழு கேம் போயைக் கொண்டுவந்தது. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரையைக் காட்டியபோது இவர்கள் பச்சை கலந்த மங்கல் திரையையே வைத்துக்கொண்டார்கள். அது மலிவு. நான்கு சிறிய பெட்டரிகளில் பல மணி நேரம் ஓடும். வண்ணக் கருவிகளோ ஆறு பெட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று முடித்தன. கேம் போயும் அதன் பின்வந்த வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றன. பெட்டரி வாங்குவதற்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வெற்றியை விளக்கத் தேவையில்லை.

தோல்வியும் வந்தது. 1995இல் கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிவப்புத் திரைக் கருவியான வேர்ச்சுவல் போய் வெளியாகி, தலைவலி தருகிறது என்ற பெயரோடு ஓராண்டுக்குள் கைவிடப்பட்டது. 1996 ஓகஸ்டில் யொகோய் நின்டெண்டோவிலிருந்து விலகி, கொட்டோ என்ற தனது சிறு நிறுவனத்தை ஆரம்பித்தார். அண்ணன் துப்பாக்கியைக் கடையில் விட்டுவந்த தீபாவளி அதற்கு மூன்று மாதம் கழித்து வந்தது.

1997 ஒக்டோபர் 4ஆம் திகதி, இஷிகாவா மாகாணத்து அதிவேக வீதியொன்றில் அவர் சென்ற கார் லொறியொன்றோடு மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கியவர் மீது இன்னொரு வாகனம் மோதியது. 56ஆவது வயதில் இறந்துபோனார். அவரது கடைசி வேலையான வொண்டர்ஸ்வான் கருவி, அவர் இறந்த பிறகு 1999இல் வெளிவந்தது. அது ஒரேயொரு பெட்டரியில் ஓடியது.

ஹட்டனில் ஒரு சன்னல்

தட்டைத் திரையில் சுடுவதற்கு இப்போது வேறு வழிகள் உள்ளன. ஒருவகைத் துப்பாக்கிக்குத் திரையைச் சுற்றிச் சிறிய அகச்சிவப்பு விளக்குகளைப் பொருத்த வேண்டும். சின்டன் போன்ற இன்னொரு வகையில் துப்பாக்கியின் முனையில் கமரா இருக்கிறது. கணினி விளையாட்டைச் சுற்றி வெள்ளைச் சட்டமொன்றை வரைகிறது. கமரா அந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளைக் கண்டு, துப்பாக்கி எங்கே பார்க்கிறது என்று கணக்கிடுகிறது. நான் இரண்டாவது வகையை எடுத்தேன்.

முதல் நாள் குறி அங்குமிங்கும் தாவியது. அன்று ஹட்டனில் வழமையான பனிமூட்டம். டிவிக்குப் பக்கத்துச் சன்னல் முழுதும் வெள்ளையாக இருந்தது. கமராவுக்கு அதுவும் ஒரு சட்டம். சீலையை இழுத்து மூடியதும் தாவல் நின்றது. பிறகு கமராவின் வெளிச்ச அளவைக் குறைத்து, அறை இருண்டு சட்டம் மட்டும் தெரியும்படி வைத்தேன். நான்கு மூலைகளும் கமராவுக்குள் அடங்கும்வரை நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். கடைசியாகக் குறிமுனையால் திரையின் நடுவைப் பார்த்துச் சுட்டு, எவ்வளவு விலகுகிறதென்று கண்டு திருத்தினேன். நடுவில் சரியாக இருந்தாலும் ஓரங்களில் சுட்டுப் பார்க்க வேண்டும். இருக்கும் தூரம் பெரிதாக மாறினால் மறுபடியும் பார்ப்பது நல்லது. அரை மணி நேர வேலை.

இந்தத் துப்பாக்கியும் எதையும் அனுப்புவதில்லை, பார்க்கத்தான் செய்கிறது. யொகோய் 1984இல் திருப்பி வைத்தது அப்படியே நிற்கிறது. அன்று சோதனைச் சாவடியில் யாராவது அண்ணனின் பையைத் திறந்திருந்தால் இதையெல்லாம் சொல்லியிருக்க முடியாது. அமெரிக்காவில்கூட 1980களின் இறுதியில், உண்மைத் துப்பாக்கியென்று எண்ணிவிடாதிருக்க, சாம்பல் நிறத்தில் இருந்த இதே பொம்மையைச் செம்மஞ்சளுக்கு மாற்றினார்கள். பொம்மையைப் பார்த்துப் பயப்பட்டவர்கள் நாங்கள் மட்டுமல்ல. ஆனால் எங்களுக்கு நிறத்தை மாற்றித் தருபவர் யாரும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச் சொன்னேன். இப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மகள் துப்பாக்கியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி, எடையைப் பார்த்து, முன்னால் இருந்த கமராவைத் தடவிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். மேசையில் இருந்த கொன்ட்ரோலரை எடுத்தார். பெரியப்பா வாத்தை ஓட்ட, மகள் சுட்டாள். மூன்றாவது தடவையில் வாத்து விழுந்தது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக நான் பார்க்கக் காத்திருந்தது அது. நாய் இந்தத் தடவை சிரிக்கவில்லை, வாத்தைத் தூக்கிக் காட்டியது. அண்ணன்தான் சிரித்தார்.