திருவாதிரைக்கு அளவெடுத்த மைக்கேல்சன்!

மார்கழி மாசம், ராத்திரி 8 மணிக்கு மேல கிழக்கே பாருங்க. செக்கச்செவேல்னு ஒரு நட்சத்திரம் கண்ணுல படும். நமக்கு அது திருவாதிரை, வானியலில் பெட்டல்ஜூஸ். வெறும் புள்ளியாத் தெரியுற அதோட அகலத்தை அளக்க வழி காட்டியவர், ஆல்பர்ட் மைக்கேல்சன்.

1852-ல், இன்றைய போலந்தில் உள்ள ஸ்ட்ரெல்னோவில் பிறந்தார். சின்னக் குழந்தையா இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்குக் கிளம்பிடுச்சு. அப்பா சுரங்க ஊர்களில் கடை வெச்சுப் பிழைத்தார். மகன் கடற்படை அகாடமியில் படித்து, அங்கேயே ஆசிரியரும் ஆனார்.

ஒளியை ரெண்டாப் பிரிச்சு மறுபடி சேர்த்தா, வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் தெரியும். அவரோட இன்டர்ஃபெரோமீட்டர் கருவிக்கு இதுதான் அடிப்படை. விண்வெளி முழுக்க ஈதர்னு ஒண்ணு நிறைஞ்சிருக்குன்னு அப்போ நம்பினாங்க. 1887-ல் மோர்லியோட சேர்ந்து அதைத் தேடினார். ஈதர் இருந்தா பட்டைகள் நகரணும். எதிர்பார்த்தபடி நகரலை. அவருக்குப் பெரிய ஏமாற்றம். ஆனா, பின்னாளில் ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைக்கு அதுவே முக்கிய ஆதாரமாச்சு. 1907-ல் துல்லியமான ஒளிக் கருவிகளுக்காக நோபல் பரிசு. அறிவியலில் அதை வாங்கிய முதல் அமெரிக்கர் அவர்தான்.

அடுத்து நட்சத்திரம். மவுன்ட் வில்சனில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கி மேல 20 அடி இரும்புச் சட்டம். அதில் நகர்த்தக்கூடிய கண்ணாடிகள். நட்சத்திரத்துக்கு அகலம் இருந்தா, கண்ணாடிகளை விலக்க விலக்க ஒரு கட்டத்துல பட்டைகள் மறைஞ்சிடும். 1920 டிசம்பர் 13 ராத்திரி, மைக்கேல்சனின் முறைப்படி பிரான்சிஸ் பீஸ் திருவாதிரையைப் பார்த்தார். சுமார் 10 அடி இடைவெளியில் பட்டைகள் காணாமப்போச்சு! 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு சின்னதாத் தெரியுமோ, அந்த அளவு. கணக்குப் போட்டா, சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலம்.

1931-ல், ஒளியின் வேகத்தை இன்னொரு முறை அளக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே மைக்கேல்சன் காலமானார். அந்த முறை சாகலை. இன்னிக்குச் சிலியில் பல தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து இதையே செய்றாங்க. அகச்சிவப்பு ஒளியில் அலைநீளத்தை மாத்தினா, இந்த மாதிரி சிவப்பு ராட்சச நட்சத்திரங்களோட அளவும் மாறுது. காரணம், அதைச் சுத்திப் போர்வை மாதிரி இருக்கும் நீராவி, கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள். நட்சத்திரம் தன் பொருளை எப்படி வெளியே இழக்குதுங்கிற கேள்விக்கு இந்தப் போர்வையில்தான் விடை தேடுறாங்க.

பட்டை நகராததும் ஒரு பதில். மறைஞ்சதும் ஒரு பதில். நினைச்சது வரலையேன்னு உங்க முயற்சியைத் தூக்கிப்போடுறதுக்கு முன்னாடி, அது என்ன சொல்லுதுன்னு ஒருதரம் பாருங்க.