கடற்கரை வீட்டில் ஒரு நூலகம்!

மீனவன் வீட்டிலே நூல் என்றால், வலை பின்னும் நூல்! படிக்கும் நூலுக்கு அங்கே இடமேது? அது வேறு தெருவிலே, வேறு குலத்தாரிடம், பூட்டிய பெட்டியிலே இருக்கும். இதுதான் நெடுங்காலமாக இந்த நாட்டிலே எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைக் கிழித்தெறிந்த கிழச்சிங்கம் ஒன்று சென்னைக் கடற்கரையிலே வாழ்ந்தது. பெயர், ம. சிங்காரவேலர்.

மே நாள் வந்தால் அவர் பெயரைச் சொல்கிறோம். முதன்முதலில் மே நாள் கொண்டாடியவர் என்று முழங்குகிறோம். மகிழ்ச்சி! ஆனால், கொடி பிடித்த சிங்காரவேலரை அறிந்த அளவு, ஏடு பிடித்த சிங்காரவேலரை அறிவோமா? அந்தக் கொடி அந்த ஏட்டிலிருந்துதான் புறப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

1859இல் இங்கிலாந்திலே டார்வின் ஒரு நூல் வெளியிட்டார். உயிர்கள் எல்லாம் படிப்படியாக மாறி வளர்ந்தவை என்று கூறிய நூல். மதபீடங்கள் அதிர்ந்தன. அதற்கு மறு ஆண்டு, 1860 பிப்ரவரி 18ஆம் நாள், சென்னை அயோத்தியாகுப்பத்திலே மீனவர் குடும்பத்தில் பிறந்தார் சிங்காரவேலர். அவருக்கு ஏழு வயது நடக்கும்போது, 1867இல், ஜெர்மன் நாட்டிலே மார்க்சின் மூலதனம் முதல் பாகம் அச்சேறியது. குப்பத்துக்கு டார்வினும் தெரியாது, மார்க்சும் தெரியாது. அது அறிந்ததெல்லாம் அலையும் புயலும், கடனும் கண்ணீரும்! அந்தக் குப்பத்துப் பிள்ளைதான், பிற்காலத்தில் அந்த இரு பேரறிஞர்களையும் தமிழ்த் தொழிலாளியின் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தவர்.

படித்தார். கல்லூரி கண்டார். 1907இல் வழக்கறிஞரானபோது அவருக்கு வயது 47. மற்றவர்கள் பேரனுக்குப் பெயர் தேடும் வயதிலே, அவர் சட்டப் புத்தகம் தேடினார்! கடற்கரையை ஒட்டிய அவர் வீட்டிலே பல்லாயிரம் நூல்கள் குவிந்தன. அறிவியல், தத்துவம், பொருளாதாரம், வரலாறு என்று அலமாரி அலமாரியாக! தனி மனிதரிடம் இவ்வளவு பெரிய நூலகமா என்று நகரமே வியந்தது.

செல்வர் வீட்டிலும் நூல்கள் இருந்தன, தோழர்களே! தங்க எழுத்துப் பதித்த அட்டையோடு, தூசு படியாமல், யாரும் தொடாமல்! சிங்காரவேலரின் நூல்கள் வேலை செய்தன. ஒவ்வொரு நூலையும் அவர் தெருவுக்கு அழைத்து வந்து கேள்வி கேட்டார். பவுத்தம் படித்தார், சாதிக்கு அது என்ன விடை தருகிறது என்று பார்த்தார். அயோத்திதாசப் பண்டிதரும் பேராசிரியர் இலட்சுமி நரசுவும் பவுத்தம் பேசிய காலத்திலே, அந்த முயற்சியில் தாமும் சேர்ந்து நின்றார். பிறகு பொருளாதாரம் படித்தார்; உழைப்பவன் வயிறு ஏன் காய்கிறது என்று அதனிடம் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவசரம் வந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிலே பெரும் வேலைநிறுத்தம். ஒரே ஆலையில், ஒரே தறியோசையில் உழைத்தவர்கள், சாதியால் இரண்டாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன. முதலாளியின் கருவூலத்தை அந்த நெருப்பு தொடவில்லை. ஏழையின் கூரையைத்தான் தின்றது! கூலியைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, மூளையில் பூட்டிய விலங்கையும் உடைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதே 1921இல், ஒத்துழையாமைக் கிளர்ச்சியின்போது, தமது வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டார் சிங்காரவேலர். 61 வயதிலே வருமானத்தைக் கொளுத்திய துணிவு அது! 1922 டிசம்பரில் கயாவில் கூடிய காங்கிரசு மாநாட்டிலே, பெருந்தலைவர்கள் நடுவே, தாம் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்துத் தொழிலாளிக்காக வாதாடினார். 1923 மே முதல் நாள், சென்னையிலே திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயிருந்த கடற்கரையிலும் கூட்டங்கள். இந்தியாவின் முதல் மே நாள்! தொழிலாளர், விவசாயிகளுக்கென்று ஒரு கட்சி அன்று அறிவிக்கப்பட்டது. கூடவே ஏடுகள், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் 'தொழிலாளன்'. கட்சி கண்ட கையோடு ஏடும் கண்டார். படிக்காத கட்சி பாதி வழியில் படுத்துவிடும் என்பதை அறிந்தவரல்லவா!

ஆட்சி சும்மா இருக்குமா? 1924இல் கான்பூர் சதி வழக்கு. கடிதங்களை வழியில் பிரித்துப் படித்து, அவற்றையே சாட்சியாக்கிய வழக்கு! அதிலே சிங்காரவேலர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவால் அவர் விசாரணைக்குக் கொண்டுபோகப்படவில்லை. அஞ்சி ஒதுங்கினாரா? மறு ஆண்டு, 1925 டிசம்பரில், அதே கான்பூரிலே கூடிய கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்!

1928இல் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்நின்றவர்களில் ஒருவர் சிங்காரவேலர். பத்தாண்டுக் கடுஞ்சிறை என்றது தீர்ப்பு. 68 வயது முதியவருக்குப் பத்தாண்டு! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1930இல் வெளியே வந்தார்.

எழுபது வயது. சிறை தின்ற உடல். நாமாக இருந்தால் சாய்வு நாற்காலி தேடியிருப்போம். அவர் எழுதுகோலைத் தேடினார். ஈரோட்டிலிருந்து பெரியார் நடத்திய 'குடி அரசு' ஏட்டிலே கட்டுரைகளைக் கொட்டினார். வானத்துக் கோள்கள் எப்படி இயங்குகின்றன? உயிர் எப்படித் தோன்றி வளர்ந்தது? மூடநம்பிக்கைக்கு வேர் எது? செல்வம் எங்கே பிறக்கிறது, யார் பையில் போய் விழுகிறது? பல்கலைக்கழகத்துக்குள் ஆங்கிலத்தில் அடைந்து கிடந்த அறிவியலை, எளிய தமிழில், தொழிலாளி கையிலே கொடுத்தார். பொதுவுடைமைக் கட்சி அறிக்கையின் தமிழாக்கத்தை 1931இல் 'குடி அரசு' வெளியிட்ட காலம் அது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிப்பான். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். கேட்டவன் கேள்வி கேட்பான். கேள்வி கேட்டவன் மறுநாள் சங்கத்திலே எழுந்து நின்று பேசுவான். இப்படித்தான், தோழர்களே, பள்ளிக்கூடம் பாராத தலைமுறை பட்டம் பெற்றது!

சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் சுற்றிப் பார்த்துப் பெரியார் 1932 நவம்பரில் திரும்பினார். அடுத்த மாதம் ஈரோட்டிலே தோழர்கள் கூடினார்கள். சுயமரியாதையோடு சமதர்மத்தையும் இணைக்கும் ஈரோட்டுத் திட்டம் உருவானது. அதை வடித்ததில் சிங்காரவேலரின் கை பெரிது. பிறகு அடக்குமுறை வந்தது. இயக்கம் எந்த வழியில் போவது, நீதிக்கட்சியை ஆதரிப்பதா என்பதிலே கருத்து வேறுபாடு எழுந்தது. சிங்காரவேலர் வாயை மூடிக்கொள்ளவில்லை. தாம் எழுதி வளர்த்த இயக்கத்தின் போக்கையே வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். 1935இல் 'புது உலகம்' என்று தனி ஏடும் நடத்தினார்.

யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. வாதாடட்டும். நாம் பார்க்க வேண்டியது வேறொன்று. தமக்கு அன்பானவர்களிடமே மறுத்துப் பேசும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? பதவி ஆசையிலிருந்தா? இல்லை, படித்த படிப்பிலிருந்து வந்தது! கைதட்ட மட்டும் கற்றவன் கட்சிக்குக் கூட்டம் சேர்ப்பான். படித்தவன்தான் பாதை பிசகும்போது எச்சரிப்பான். இருவரும் கட்சிக்கு வேண்டும். ஆனால் இரண்டாமவன் இல்லாத கட்சி, கண்ணில்லாத யானை!

1946 பிப்ரவரி 11ஆம் நாள், விடுதலைக்கு ஒன்றரை ஆண்டு முன்னே, அவர் மறைந்தார். 86 நிறைய ஒரு வாரம் இருந்தது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. விடுதலை பெற்ற இந்தியாவிலே அதுதான் முதல் நூலகச் சட்டம். பெட்டியில் பூட்டிய நூல் பொதுச் சொத்தாயிற்று. இன்று சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர் தாங்கி நிற்கிறது. குப்பத்துப் பிள்ளையின் பெயர் கோட்டைக்கு அருகிலே! பெருமைதான். ஆனால், மாளிகைக்குப் பெயர் சூட்டுவது எளிது. மனத்திலே ஒரு நூலகம் கட்டுவதல்லவா கடினம்!

நம் தெருக்களைப் பாருங்கள். படிப்பகம் என்று பலகை தொங்குகிறது. உள்ளே கேரம் பலகை மட்டும் இருக்கிறது! கைபேசியிலே நொடிக்கொரு செய்தி வருகிறது. யார் எழுதியது, எங்கே நடந்தது, உண்மையா என்று கேட்பதற்குள் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். சாதிச் சண்டைக்கு இன்று தீப்பந்தம் தேவையில்லை, ஒரு பொய்ச் செய்தி போதும்! புளியந்தோப்பில் எரிந்தது கூரை என்றால், இன்று முதலில் எரிவது மூளை!

ஆகவே தோழர்களே, வரும் மே நாளிலே கொடியேற்றிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். படிப்பகத்தின் பூட்டைத் திறவுங்கள். ஆலையிலிருந்து திரும்பியதும் அரைமணி நேரம் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். நம் கொள்கைக்கு ஆதரவான நூல் மட்டும் வேண்டாம். எதிரானதையும் எடுத்து வையுங்கள். நம் தெருவில் நடக்கும் எந்த அநீதிக்கு இது விடை சொல்கிறது என்று ஒவ்வொரு நூலிடமும் கேளுங்கள். விடை சொல்லாத நூலைத் திருப்பி வையுங்கள், அடுத்ததை எடுங்கள்.

எழுபது வயதில் எழுதுகோல் எடுத்தார் அந்த முதியவர். இருபது வயதுக் காளை நீ, ஏடு எடுக்கத் தயங்கலாமா?