உதிர்ந்த செல்கள் சொன்ன செய்தி

கிரேக்க நாட்டின் யூபியா தீவில் கைமி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1883ஆம் ஆண்டு ஜார்ஜ் பாப்பனிகொலாவ் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு மருத்துவர். மகனும் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1904இல் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடியது. ஆகவே, ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

1913இல் அவரும் மனைவி ஆண்ட்ரோமாக்கியும் அமெரிக்காவின் நியூயார்க் நகரை அடைந்தனர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கையில் பணமும் மிகக் குறைவு. முனைவர் பட்டம் பெற்றவர் கடையில் கம்பளம் விற்றார். மனைவி கூலிக்குப் பொத்தான் தைத்தார். புதிய மண்ணில் வேரூன்றுவது எளிதன்று. எனினும், மனந்தளராத அவருக்கு அடுத்த ஆண்டில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வுப்பணி கிடைத்தது. ஆண்ட்ரோமாக்கி ஊதியம் பெறாமல் ஆய்வகத்தில் உதவினார்.

பாப்பனிகொலாவ் முதலில் கினிப்பன்றிகளை ஆராய்ந்தார். அவற்றின் கருப்பாதையில் உதிரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தார். உடலினுள் நிகழும் மாற்றங்களை அச்செல்கள் காட்டின. இம்முறையைப் பெண்களிடமும் பயன்படுத்த அவர் விரும்பினார். அதற்கு ஆண்ட்ரோமாக்கி முன்வந்து, பல ஆண்டுகள் தம் செல்களை ஆய்வுக்கு அளித்தார்.

அக்காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே கண்டறியப்பட்டது. அந்நோயுற்ற பெண்களிடம் இயல்புக்கு மாறான செல்கள் இருப்பதைப் பாப்பனிகொலாவ் கண்டார். 1928இல் அதனை ஒரு மாநாட்டில் எடுத்துரைத்தார். மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. திசுவை வெட்டியெடுத்துச் சோதிக்கும் முறை இருக்கையில் இது தேவையற்றது எனப் பலர் கருதினர்.

பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 1939இல், ஹெர்பர்ட் டிராட் என்னும் மருத்துவருடன் அவர் இவ்வாய்வை மீண்டும் மேற்கொண்டார். 1943இல் அவர்களது நூல் வெளிவந்தது. வலியோ வேறு அறிகுறியோ தோன்றுமுன்பே ஆபத்தை அறியலாம் என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தது.

இச்சோதனை நோயை முடிவாக உறுதிசெய்வதன்று; ஐயத்திற்குரியவரை இனங்காட்டுவது. செல்களில் மாற்றம் தென்பட்டால், கருப்பைவாயை உருப்பெருக்கிக் கருவியால் நோக்கி, தேவையெனில் சிறிது திசுவை எடுத்து ஆராய்வர். அதன் பின்னரே நோய் உறுதிசெய்யப்படும். இயல்பான செல்கள் புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அவ்விடைவெளியில் கண்டறிந்து மருத்துவம் செய்தால் நோய் வாராமலே தடுக்கலாம்.

1962இல் பாப்பனிகொலாவ் மறைந்தார். அவர் பெயரின் முதற்பகுதியால் இது பாப் சோதனை என்று வழங்கப்படுகிறது. இன்று நோய்க்குக் காரணமான வைரசைக் கண்டறியும் சோதனையும் தடுப்பூசியும் வந்துள்ளன. நலமாக இருக்கும்போதே சோதித்துக்கொள்ளும் வழக்கத்தை வளர்த்த பெருமை பாப் சோதனைக்கு உண்டு. அதனால் எண்ணற்ற தாய்மார்கள் உயிர் பிழைத்துள்ளனர்.

சொற்பொருள்
குருதி – இரத்தம். ஐயம் – சந்தேகம். திசு – ஒரே வகைச் செல்களின் தொகுதி. ஊதியம் – சம்பளம்

வினாக்கள்
1. நியூயார்க்கில் பாப்பனிகொலாவ் இணையர் முதலில் செய்த வேலைகள் யாவை?
2. 1928இல் அவருடைய கண்டுபிடிப்பு ஏன் ஏற்கப்படவில்லை?
3. பாப் சோதனைக்கும் திசு ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. இக்கண்டுபிடிப்பில் ஆண்ட்ரோமாக்கியின் பங்கு குறித்து ஐந்து தொடர்கள் எழுதுக.