கான்சாகிபு: கும்பினியின் தளபதி கும்பினியின் தூக்கில்

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகும் நம்மில் பலர் சம்மட்டிபுரம் பக்கமும் போயிருப்போம். அங்கே கான்சாகிபு பெயரில் ஒரு பள்ளிவாசல் உண்டு. அதனுள் அடங்கியிருப்பவர் யார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

இராமநாதபுரம் சீமை பனையூரில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, இஸ்லாத்தை ஏற்ற முகம்மது யூசுப்கான் அவர். மருதநாயகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து, 1752 திருச்சி முற்றுகையில் பெயரெடுத்தார். 1757இல் திண்டுக்கல்லிலிருந்து இறங்கிய ஹைதர் அலி, நமக்கு அடுத்த சோழவந்தானைப் பிடித்து மதுரை மதில்வரை சூறையாடினார். நத்தம் கணவாயில் அவரை எதிர்த்து விரட்டியது யூசுப்கானே. 1758 இறுதியில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோதும், வெளியிலிருந்து தாக்கி அதைத் திணறடித்தார்.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரர்களை அவர் ஒடுக்கியது கும்பினிக்காகவும் ஆற்காடு நவாபுக்காகவும்தான். சொந்த மண்ணின் மக்களுக்கு எதிராகவே அவர் வாள் வீசினார்.

ஆனால் 1759இல் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஏற்றபின் நல்ல நிர்வாகியாக விளங்கினார். கொள்ளையை அடக்கினார், கண்மாய்களைச் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயில் இழந்திருந்த மானிய நிலங்களைத் திரும்பக் கொடுத்தார். ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் பிற சமயத்தாரின் உரிமையைக் காத்ததற்கு நம் ஊரிலேயே உள்ள சான்று இது.

அந்தச் செல்வாக்கு நவாப் முகம்மது அலியின் கண்ணை உறுத்தியது. பணத்தைத் தன் வழியாகவே செலுத்த வேண்டும் என்றார் நவாப். கும்பினியும் நவாபின் பக்கமே நின்றது. யூசுப்கான் பணிய மறுத்தார். 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. தானே வளர்த்த தளபதியைப் பிடிக்கக் கும்பினி படை அனுப்பியது. 1764 ஜூன் மாதத் தாக்குதலைக் கோட்டை முறியடித்தது. ஆனால் கடும் முற்றுகையில் உணவு தீர்ந்தது. அக்டோபரில் திவான் சீனிவாசராவ், பிரெஞ்சுத் தளபதி மார்ச்சாந்த் முதலான சொந்த ஆட்களே அவரைக் கட்டிப்போட்டு ஒப்படைத்தனர். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்பது மக்கள் வழக்கு. 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

இவரைத் தியாகி என்று மட்டும் கொண்டாடினாலும், துரோகி என்று மட்டும் தள்ளினாலும் நாம் பாதி வரலாற்றைத்தான் படிக்கிறோம். அநீதியான அதிகாரத்துக்கு எத்தனை விசுவாசமாக உழைத்தாலும், அதற்கு நாம் தேவைப்படும்வரைதான் மரியாதை. அவர் கும்பினிக்கு ஈட்டித் தந்த வெற்றிகள் தூக்குக் கயிற்றைத் தடுக்கவில்லை. குடிமக்களுக்குச் செய்த நீதியோ கான்பாளையம், கான்சாபுரம் என்று ஊர்ப்பெயர்களில் இன்றும் வாழ்கிறது.

அடுத்தமுறை சம்மட்டிபுரம் வழியாகப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோம். அவருக்காக துஆ செய்வோம். அவர் கதையை முழுதாகச் சொல்வோம்.